கோலம் போடத் தெரிந்த ஊருக்குக் கோடிங் புதிதல்ல

ஐந்து வயதிலிருந்தே பிள்ளைகளுக்குக் கோடிங் கற்றுத் தருவதாகப் பெரம்பலூரில் தட்டி வைத்திருக்கிறார்கள். அரியலூரிலும் ஒன்றைப் பார்த்தேன். கண்ணாடி போட்ட ஒரு சிறுவன் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் ஒரு ராக்கெட். அவன் ராக்கெட் விடப் போகிறானா, அல்லது கட்டணத்தைக் கேட்டதும் நாம்தான் ராக்கெட் வேகத்தில் திரும்பி வரப் போகிறோமா என்பது தட்டியில் இல்லை.

சிறு பிள்ளைகளுக்கு நிரல் எழுதும் முறையை அறிமுகப்படுத்தலாமா? தாராளமாகச் செய்யலாம். விளையாட்டாகச் செய்தால் ஐந்து வயதிலேயே செய்யலாம். ஆனால் அதற்குக் கட்டணம் வேண்டாம், பயம் வேண்டாம், மதிப்பெண் வேண்டவே வேண்டாம். முதல் ஒன்றிரண்டு வருடத்துக்குக் கணினிகூட வேண்டாம். நம்மைப் போல ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டிகளே போதும். இதுதான் என் கட்சி. எழுபதைத் தாண்டிய, அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவனுக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்பவர்கள், தயவுசெய்து கடைசி வரை படித்துவிட்டுக் கேளுங்கள்.

முதலில் பெயரிலிருந்து வருகிறேன். நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். கணினிக்கு பிரெஞ்சில் 'ஒர்தினாத்தேர்' என்று பெயர். 1955இல் ஐபிஎம் நிறுவனம் பிரான்சில் தன் புதிய இயந்திரத்துக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டபோது, ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் சொன்ன பெயர் இது. ஒழுங்குபடுத்துவது, வரிசைப்படுத்துவது என்று பொருள். ஆங்கிலப் பெயர் கணக்குப் போடுவதைச் சொல்கிறது. பிரெஞ்சுப் பெயர் வரிசையைச் சொல்கிறது. தமிழில் நாம் 'நிரல்' என்கிறோமே, அதற்கும் வரிசை என்றுதான் பொருள். பெயர் வைத்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். எது முதலில், எது அடுத்து, எப்போது நிறுத்துவது, இப்படி இல்லாவிட்டால் என்ன செய்வது என்று தெளிவாக எழுதி வைத்தால் அதுவே நிரல்.

இதை நான் முதலில் பழகியது அலுவலகத்தில். தபால் வந்தால் எண் போட வேண்டும். பிரிவு பார்த்துப் பகிர வேண்டும். தன்பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பழைய கோப்பு இருந்தால் அதோடு சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் புதிய கோப்பு திறக்க வேண்டும். பதில் வரவில்லை என்றால் நினைவூட்டுக் கடிதம், அதற்கும் வரவில்லை என்றால் இன்னொன்று, பதில் வரும் வரை.

அரியலூர் மாவட்டம் 2001 ஜனவரி 1 அன்று பெரம்பலூரிலிருந்து பிரிந்தது. 2002 மார்ச் 31 அன்று திரும்ப இணைந்தது. 2007 நவம்பர் 23 அன்று மறுபடி பிரிந்தது. ஒவ்வொரு முறையும் கோப்புகளைத் தரையில் குவித்து, உடையார்பாளையம் வட்டமா இந்தப் பக்கம், குன்னம் வட்டமா அந்தப் பக்கம் என்று பிரித்தோம். சொன்ன விதி தெளிவாக இருந்தால், நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனும் சரியாகப் பிரித்தான். தெளிவாக இல்லாவிட்டால் முப்பது வருட அனுபவஸ்தரும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். கணினிக்கும் அவ்வளவுதான். அது கெட்டிக்காரனும் இல்லை, முட்டாளும் இல்லை. சொன்னதைச் செய்யும்.

இந்த அறிவைக் குழந்தைக்கு எப்படிக் கொடுப்பது என்று யோசித்தவர் சீமோர் பேப்பர்ட். தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், கணிதம் படித்தவர். ஜெனீவாவில் குழந்தைகளின் சிந்தனை வளரும் விதத்தை ஆராய்ந்த ழான் பியாஜேயிடம் சில வருடங்கள் வேலை செய்தவர். பிறகு அமெரிக்கா போய், 1967இல் சிந்தியா சாலமன், வாலி ஃபோர்சைக் ஆகியோருடன் சேர்ந்து 'லோகோ' என்ற நிரல்மொழியை உருவாக்கினார். பிற்பாடு அந்த மொழியில் ஓர் ஆமை சேர்ந்தது. முதலில் தரையில் ஊர்ந்து போகும் சிறிய இயந்திரமாக இருந்தது, பிறகு திரைக்குள் போனது. முன்னே போ என்றால் போகும், திரும்பு என்றால் திரும்பும், போன வழியெல்லாம் கோடு போடும். குழந்தை அதற்குக் கட்டளை சொல்லிச் சொல்லியே சதுரம், வீடு, பூ எல்லாம் வரையும்.

பேப்பர்ட் 1980இல் எழுதிய புத்தகத்தின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு ஒன்று புதுச்சேரி நண்பர் மூலம் எனக்குக் கிடைத்தது. அதன் முன்னுரையில் அவர் தன் சிறு வயதைச் சொல்கிறார். அவருக்குப் பல்சக்கரங்கள் மேல் அப்படி ஒரு ஆசையாம். கார் எப்படித் திரும்புகிறது, ஒரு சக்கரம் சுற்றினால் இன்னொன்று எப்படிச் சுற்றுகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் பின்னாளில் கணிதம் பிடிபட்டது என்கிறார். படித்தபோது எனக்கு அரியலூர் நினைவு வந்தது. சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள் ஓயாமல் ஓடும் ஊர். பட்டறையில் கியர் பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்தால் சுற்றி நான்கு பையன்கள் நிற்பார்கள். அவர்களை யாரும் அறிவியல் மாணவர்கள் என்று சொல்வதில்லை, 'போய்ப் படிங்கடா' என்றுதான் விரட்டுகிறோம்.

அரியலூரில் என் மகள் வீட்டு மாடியில் நானே ஆமையாக இருந்து பார்த்தேன். பேத்திக்கு ஆறு வயது.

"நான் ஆமை. நீ சொன்னாத்தான் நகருவேன். என்னைத் தண்ணித் தொட்டி கிட்டக் கொண்டு போ பாக்கலாம்" என்றேன்.

"போ தாத்தா."

"எத்தனை அடி?"

"நாலு."

நாலு அடி வைத்து நின்றேன். "இந்தப் பக்கம் திரும்பு" என்றாள். ஆமைக்கு 'இந்தப் பக்கம்' தெரியாது என்றேன். சோத்தாங்கைப் பக்கம் என்றாள். திரும்பினேன். அவள் எனக்கு எதிரே நின்றிருந்தாள். அதனால் நான் திரும்பியது அவளுக்கு மாற்றுப் பக்கம். துணி காயும் கொடியில் போய் நின்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்து அவள் செய்ததுதான் முக்கியம். ஓடி வந்து என் முதுகுக்குப் பின்னால், நான் பார்க்கும் திசையையே பார்த்து நின்றுகொண்டாள். அங்கிருந்து கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உன் பீச்சாங்கைப் பக்கம்" என்றாள். இன்னொருவர் இருக்கும் இடத்தில் தன்னை வைத்து யோசிப்பது எத்தனை பெரியவர்களுக்கு வருகிறது, சொல்லுங்கள்.

மறுநாள் சதுரம். மூன்று அடி போ, திரும்பு. மூன்று அடி போ, திரும்பு. மூன்றாவது தடவை அவளுக்கே அலுத்துவிட்டது. "அதையே நாலு தடவை பண்ணு தாத்தா" என்றாள். சுழற்சி என்று கணினிப் புத்தகங்கள் பெரிய எழுத்தில் போடுவது இதைத்தான். அவளுக்கு அந்தச் சொல் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

பக்கத்து வீட்டுப் பையன் ஏழாம் வகுப்பு, அரசுப் பள்ளி. அப்பா லாரி ஓட்டுகிறார். அவனுக்கு முக்கோணம் கொடுத்தேன். சாக்பீஸும் பாகைமானியும் கையில். மூன்று பக்கமும் சமம். "மூணு அடி போ, 60 டிகிரி திரும்பு, மூணு தடவை" என்று எழுதினான். நடந்து காட்டினேன். முக்கோணம் மூடவில்லை, தரையில் கிண்ணத்தைப் போல ஒரு கோடு வந்தது.

"மூலை 60தானே தாத்தா? டீச்சர் சொன்னாங்களே."

"டீச்சர் சொன்னது சரிதாண்டா. நீயே ஆமையா நடந்து பாரு."

நடந்தான். மூலையில் நின்றான். ஒரு கோட்டில் வந்தவன் அடுத்த கோட்டுக்குப் போக எவ்வளவு திரும்புகிறான் என்று தன் உடம்பிலேயே பார்த்தான். 180இல் 60 போக 120. சாக்பீஸை வாங்கித் திருத்தினான். முக்கோணம் மூடிக்கொண்டது. முன்னே 60 என்று எழுதியதை என்ன செய்வது என்று கேட்டேன். ஆறு தடவை செய்து பார்த்தான். அழகான அறுகோணம் வந்தது. தப்பு என்று நினைத்தது இன்னொரு கணக்குக்குச் சரியான விடை!

நான் படித்த காலத்தில் 'திக்தே' என்று ஒன்று உண்டு. ஆசிரியர் வாசிப்பார், நாங்கள் எழுத வேண்டும். மொத்தம் 20 மதிப்பெண். ஒரு பிழைக்கு 4 போய்விடும். ஐந்து பிழை என்றால் பூஜ்யம், அதற்கு மேல் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் ஒன்றுமில்லை. அதனால் எங்களுக்கு எழுத்து சுத்தமாக வந்தது, ஒப்புக்கொள்கிறேன். கூடவே பேனாவை எடுக்கும்போதெல்லாம் நடுக்கமும் வந்தது. நிரலாக்கத்தில் பிழை என்பது வேறு ஜாதி. அங்கே பிழை வராமல் ஒருவரும் எழுதுவதில்லை. பிழை எங்கே என்று தேடித் திருத்துவதுதான் வேலையில் பாதி. பேப்பர்ட் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதுதான். சரியா தப்பா என்று கேட்டு முடித்துவிடாதே, எப்படிச் சரிசெய்யலாம் என்று கேள். ஒரு பிள்ளைக்கு இதைவிடப் பெரிய சொத்து எழுதி வைக்க முடியாது என்று நினைக்கிறேன்.

அந்தச் சொத்தை நாம் எப்படிக் கெடுக்கிறோம் என்றும் பார்க்க வேண்டும். 'ஸ்க்ராட்ச்' என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடியில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் செய்து 2007இல் வெளியிட்டது. லோகோவின் வாரிசு. வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று மாட்டுவது போலக் கட்டளைகளை மாட்டி, பூனையை நடக்க வைக்கலாம், பேச வைக்கலாம். எட்டு வயதிலிருந்து விளையாடலாம், இலவசம். இது நம் மாநிலப் பாடத்திட்டத்தில் எங்கே இருக்கிறது தெரியுமா? 2019இல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசி அலகில். புத்தகத்தில் இடம் கொடுத்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பொதுத்தேர்வு வருடத்தில், கடைசிப் பாடத்தில், ஒரு விளையாட்டுச் சாமான் என்ன பாடுபடும்? "ஸ்க்ராட்ச் என்றால் என்ன?" என்று ஒரு சிறு வினா ஆகிவிடும். பூனையை ஒரு தடவையும் நடக்க வைக்காத பிள்ளை, பூனையைப் பற்றி இரண்டு வரி மனப்பாடம் செய்யும். நீச்சலைக் கரும்பலகையில் நடத்துவது போல.

இயந்திரத்தை வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் பழைய கதை. 1985இல் பிரான்சில் 'எல்லோருக்கும் கணினியியல்' என்று ஒரு திட்டம் வந்தது. பிரதமர் லொரான் ஃபபியுஸ் அறிவித்தார். பள்ளிகளுக்கு 1,20,000 கணினிகள். லோகோ ஆமையும் பிரெஞ்சு பேசியது: 'அவான்ஸ்' என்றால் முன்னே போ, 'த்ருவாத்' என்றால் வலப்பக்கம். ஆனால் ஆசிரியர்களுக்குக் கொடுத்த பயிற்சி குறைவு, அவகாசமும் குறைவு. சில வருடங்களில் திட்டம் ஓய்ந்தது. நம் நாட்டிலும் அதே சமயம், 1984 முதல், 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. அதுவும் பெரிதாக வேரூன்றவில்லை. பெட்டி வந்த அளவுக்கு, பெட்டியோடு விளையாடத் தெரிந்த பெரியவர்கள் வரவில்லை.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி என்று தம்பதியர் இருவரும் பேராசிரியர்கள். கமலா கிருதிவாசனோடு சேர்ந்து 1970களில் அவர்கள் ஆராய்ந்தது நம் வாசல் கோலத்தை. சின்னச் சின்னத் துண்டுகளையும் சில விதிகளையும் வைத்துக்கொண்டு பெரிய கோலம் எப்படி வளர்கிறது என்பதைக் கணினியியலில் ஓர் இலக்கணமாகவே எழுதினார்கள். உலகத்துக் கணினி அறிஞர்கள் படித்த விஷயம் அது. நம் அம்மாக்கள் அதைத் தினம் விடியற்காலையில் சாணி தெளித்த வாசலில் செய்துவிட்டுக் காப்பி போடப் போனார்கள்.

இடைப்புள்ளி ஏழு வைத்து, ஒவ்வொரு வரிசையிலும் ஒன்று குறைத்து, ஒன்றில் நிறுத்து என்று பாட்டி சொல்வதில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். ஆரம்பம் இருக்கிறது, திரும்பச் செய்வது இருக்கிறது, எங்கே நிறுத்துவது என்பதும் இருக்கிறது. பேத்தி ஒரு புள்ளியை விட்டுவிட்டால் கம்பி சேராது. எங்கே விட்டோம் என்று பின்னால் போய்த் தேடுவாள்.

பல்லாங்குழியும் அப்படியே. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. ஒரு குழியை அள்ளி, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போ. கை காலியானால் அடுத்த குழியை அள்ளு. அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு அதற்கடுத்ததை எடுத்துக்கொள். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் பசு, அது குழிக்குச் சொந்தக்காரருக்கு. 'இருந்தால்', 'இல்லாவிட்டால்', 'வரை' என்ற மூன்றும் ஒரே ஆட்டத்தில் வந்துவிடுகின்றன. நியூசிலாந்தில் டிம் பெல் என்ற பேராசிரியரும் நண்பர்களும் கணினியே இல்லாமல் கணினி அறிவியல் சொல்லித்தர சீட்டு, கயிறு, சாக்பீஸ் வைத்து விளையாட்டுகள் செய்தார்கள். நமக்குப் பரணில் பல்லாங்குழிப் பலகை இருக்கிறது.

கணினி எப்போது என்று கேட்பீர்கள். இரண்டு முதல் நான்கு வயது வரை உள்ள குழந்தைக்குத் திரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதுவும் குறைவாக இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகு, ஐந்து முதல் ஏழு வயதுக்கு 'ஸ்க்ராட்ச் ஜூனியர்' இருக்கிறது. எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தையும் படம் பார்த்தே செய்யலாம். எட்டு வயதுக்கு மேல் ஸ்க்ராட்ச். தட்டச்சு பழகிய பிள்ளைக்கு, முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற நிரல்மொழி இருக்கிறது. அதில் கட்டளைகளே தமிழ்: 'பதிப்பி' என்றால் திரையில் காட்டும், 'ஆனால்', 'இல்லை', 'முடி' என்று எழுதி ஒரு முழு நிரலைச் செய்யலாம். இவை எல்லாமே இலவசம். ஆங்கிலம் தெரியாததால் அறிவில்லை என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொள்வதை நான் பிரெஞ்சுப் பள்ளியிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த புதிதில் நேரில் அனுபவித்தவன். அதனால் எழிலின் அருமை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

எங்கள் தெருவில் மக்காச்சோளமும் பருத்தியும் போடும் ஒரு தம்பி வந்து கேட்டார். "சார், வருசத்துக்குப் பதினெட்டாயிரம் கேக்குறாங்க. சேக்கலேன்னா புள்ள பின்தங்கிப் போயிடும்னு சொல்றாங்க. நகையை வெச்சாவது சேத்து விடட்டுமா?" பிள்ளைக்கு வயது ஆறு. "தம்பி, நகை கழுத்திலேயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அனுப்பு" என்றேன். இரண்டு மாதமாக வருகிறான். இப்போது அவன்தான் என்னை ஆமையாக ஓட்டுகிறான். பின்தங்குவதாகத் தெரியவில்லை, பின்தங்குவது என் முழங்கால்தான்.

இனிமேல் ஏஐயே நிரல் எழுதிவிடுமே, இதெல்லாம் எதற்கு என்று என் மருமகன் கேட்டார். நியாயமான கேள்வி. எழுதட்டும். ஆனால் அதனிடம் என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்ல வேண்டியவர் யார்? அது எழுதிக் கொடுத்தது சரியா என்று நடந்து பார்க்க வேண்டியவர் யார்? 'இந்தப் பக்கம்' என்று சொன்னால் ஆமைக்குப் புரியாது என்பது தெரிந்த பிள்ளைதான் அதையும் சரியாக வேலை வாங்கும். கையெழுத்துப் போடுகிறவர் கோப்பைப் படித்திருக்க வேண்டும் என்பது எங்கள் அலுவலகத்துப் பழைய பாடம்.

எனக்கு ஒரு யோசனை உண்டு. அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் என்று கணினி அறைகள் வந்திருக்கின்றன. பக்கத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை வாரம் ஒரு பிற்பகல் அங்கே அழைத்துப் போய், தேர்வு இல்லாமல், பதிவேடு இல்லாமல், விளையாட விடலாம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், எழுத்தர்கள், வங்கிக்காரர்கள் இரண்டு மாவட்டத்திலும் எத்தனையோ பேர் இருக்கிறோம். தலைமையாசிரியர் அனுமதித்தால் துணைக்குப் போய் நிற்கலாம். காசுள்ள வீட்டுப் பிள்ளை எப்படியும் கற்றுக்கொள்ளும். லாரி ஓட்டுநர் பிள்ளைக்கும் மக்காச்சோளக் கொல்லைக்காரர் பிள்ளைக்கும் அது கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

அந்த அனுமதி வருகிறபோது வரட்டும். அதுவரை பேரப் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால், கைப்பேசியை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு ஒரு சாக்பீஸ் கொடுங்கள். முழங்கால் நன்றாக இருப்பவர்கள் ஆமையாகுங்கள். முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பல்லாங்குழி ஆடுங்கள். பிள்ளை தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள். சொன்னபடியே நடந்து போய்ச் சுவரில் முட்டிக்கொள்ளுங்கள். சிரிப்பு அடங்கியதும் பிள்ளை தானே திருத்தும்.